சிலுவைப்போர்க் கோட்டைகளின் கழிப்பறைகள்: கேள்வி பதில்

கேள்வி: இடைக்காலக் கோட்டைகளில் கழிப்பறை இருந்ததா?

எந்தக் கோட்டை, எந்த ஆண்டு என்று சொல்லிக் கேளுங்கள். ஆயிரம் ஆண்டுக் காலத்தை ஒரே வார்த்தையில் அடக்க முடியாது. சிரியாவில் உள்ள கிராக் தெ ஷெவாலியே என்ற சிலுவைப்போர்க் கோட்டையில் இருந்தது. 100 மீட்டருக்கு மேல் நீளும் மண்டபத்தில் வரிசையாகக் கட்டினார்கள்.

கேள்வி: அக்கோ பற்றி விரிவாகச் சொல்லுங்கள் சார்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். 1191இல் சிலுவைப்போர் வீரர்கள் மீட்டு, 1291இல் இழந்த துறைமுகம் அது; இன்றைய இஸ்ரேலில் உள்ளது. அங்கே ஹாஸ்பிட்டலர் துறவி வீரர்களின் வளாகத்தில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பெரிய பொதுக் கழிப்பறை இருந்தது. அதன் அடியில் தங்கிய மண்ணை ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது உருண்டைப்புழு, சாட்டைப்புழு, நாடாப்புழு முட்டைகள் கிடைத்தன. மீன் நாடாப்புழுவும் இருந்தது! வட ஐரோப்பாவில் சரியாக வேகாத நன்னீர் மீனைத் தின்றவர்களிடம் காணப்படும் புழு அது. மனிதக் குடலில் பல ஆண்டுகள் வாழக்கூடியது. வயிற்றில் சுமந்துகொண்டே கடல் கடந்து வந்திருக்கிறார்கள். சீதபேதிக் கிருமியின் தடயமும், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமியின் தடயமும் அந்த ஊரில் கிடைத்தது.

கேள்வி: அப்படியானால் கழிப்பறை கட்டியதில் பயனே இல்லையே?

இதற்கு இன்னொருவர், "ரோமானியர் மாதிரிக் கட்டியிருந்தால் நோயே வந்திருக்காது" என்று பதில் எழுதியிருக்கிறார். இருவரும் தவறு. ரோமானியரின் கழிப்பறை மண்ணிலும் இதே புழுக்கள் உண்டு. கழிப்பறை நாற்றத்தையும் அசுத்தத்தையும் ஓர் இடத்தில் ஒதுக்கும். கழுவாத கையையும், மலம் உரமான தோட்டத்துக் கீரையையும், மாசுபட்ட நீரையும் அது தடுக்காது. சீதபேதி படைகளையே சாய்த்திருக்கிறது. 1250இல் எகிப்துப் படையெடுப்பில் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் கால்சட்டையைப் பின்பக்கம் வெட்டிவிட வேண்டியதாயிற்று. கட்டியவர்களைக் குறை சொல்லாதீர்கள். கிருமி பற்றி அப்போது யாருக்கும் தெரியாது.

கேள்வி: கழிப்பறையில் துணியைத் தொங்கவிட்டால் பூச்சி வராதாமே?

மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள். அது இங்கிலாந்துக் கோட்டைகள் பற்றிச் சொல்லப்படும் கதை. அக்கோவுக்குத் தூக்கி வராதீர்கள்.

கேள்வி: ஷாத்தோ கையாரை 1204இல் கழிப்பறை வழியாகப் பிடித்தார்களாமே?

பிரான்ஸ் கோட்டை அது. அந்தத் துறை படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சைப்ரஸில் ஏதாவது?

பாஃபோஸ் ஊரின் சரண்டா கொலோனேஸ் கோட்டை. 12ஆம் நூற்றாண்டின் முடிவில் கட்டி, 1222 நிலநடுக்கத்தில் இடிந்தது. அதனால் கழிப்பறை மண் யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. அங்கேயும் உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும்தான்.

கேள்வி: இடைக்காலத்தில் எதைக்கொண்டு துடைத்தார்கள்?

எந்தக் கோட்டை? எந்த ஆண்டு?