தடத்துக்குப் பூட்டு போட்டால் யாரிடம் போவது?

கேள்வி: கோபி வட்டத்தில் எங்களுக்கு 2 ஏக்கர் 40 சென்ட் நிலம் இருக்கிறது. பெரியப்பா வகையறா தோட்டத்தின் கிழக்கு ஓரமாகச் செல்லும் 12 அடி வண்டித்தடம்தான் எங்களுக்கு வழி. 1974-ல் தாத்தா பாகம் பிரித்தபோது பத்திரத்திலேயே எழுதி விட்ட தடம் அது. போன வருடம் அந்தத் தோட்டத்தை வெளியூர்க்காரர் ஒருவர் கிரயம் வாங்கினார். கம்பிவேலி போட்டு, தடத்தின் வாயில் இரும்பு கேட் வைத்து, 40 நாளாகப் பூட்டி வைத்திருக்கிறார். ஆள் மட்டும் வரப்பில் நடந்து போகலாமாம். மஞ்சள் வெட்டுக்கு நிற்கிறது. காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் கொடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் சாவி வாங்கித் தருவதாக நிலத் தரகர் ஒருவர் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணம் போவதுகூட இரண்டாவது பேச்சுதான். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘தங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, என் தோட்டத்தின் வழியே சென்றுவர 11 மாதங்களுக்கு அனுமதி அளிக்கிறேன்’ என்றுதான் இருக்கும். இந்த வாசகத்தில் ‘அனுமதி’ என்ற ஒரு சொல் போதும், உங்கள் தாத்தா விட்டுப்போன உரிமையைக் குழிதோண்டிப் புதைத்துவிடும். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றிப் பேசும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் உரிமையையும் அனுமதியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலம் எத்தனை கை மாறினாலும் கூடவே போகும். அனுமதி அப்படியல்ல. கொடுத்தவர் வேண்டாம் என்று நினைத்தால் பெரும்பாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

பல வருடங்களுக்கு முன் என் கட்சிக்காரரான ஒரு அம்மா கூண்டில் ஏறி நின்றார். மூன்று தலைமுறையாக வண்டி ஓட்டிய தடம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாளை நீட்டினார். அந்த அம்மா கண்ணுக்கு எட்டாமல் கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “என் கையெழுத்துதானுங்க. சாவிக்காகப் போட்டதுங்க” என்றார். அதற்கு மேல் நான் கேட்க எதுவும் இல்லை. அந்தத் தாளை எழுதிக் கொண்டுவந்தவரும் இரண்டு பக்கமும் நல்லவராக நடித்த ஒரு தரகர்தான். இந்தத் தொழிலில் இவர்கள் செய்யும் வேலையே இது. ‘தடம் கிடையாது, சுத்தமான பூமி’ என்று சொல்லி வெளியூர்க்காரருக்கு விற்றுக் கொடுப்பார்கள். பிறகு தடத்துக்கு உரியவரிடமே வந்து, சாவி வாங்கித் தருகிறேன் என்று இன்னொரு கமிஷன் பார்ப்பார்கள். ‘பாதையை உங்கள் பட்டாவில் ஏற்றித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்களும் உண்டு. அடுத்தவர் பட்டா நிலத்தில் உங்களுக்கு இருக்கும் நடைபாத்தியத்தை உங்கள் பட்டாவில் ஏற்ற வழியே கிடையாது. அந்தப் பேச்சை எடுப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி உங்கள் பத்திரம். 1974 பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானதா என்று முதலில் பாருங்கள். வீட்டில் அசல் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நான்கு எல்லை எழுதிய பிறகு, கடைசியில் ‘மேற்படி பூமிக்குச் சென்றுவர கிழக்கு ஓரம் தென்வடல் 12 அடி அகல வண்டித்தட பாத்தியம்’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால், 20 வருடம் அனுபவித்தோம் என்று சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. உரிமை எழுத்திலேயே இருக்கிறது. புதிதாக வாங்கியவர் ‘என் பத்திரத்தில் தடம் என்று இல்லையே’ என்பார். விற்றவருக்கு இல்லாத உரிமையை அவர் எப்படி விற்க முடியும்? தடத்தை ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் பெரியப்பா வகையறா அனுபவித்தார்கள். பதிவான பத்திரம் எல்லோருக்கும் அறிவிப்பு என்பது சட்டம். தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் வாங்கியது அவர் தவறு.

ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் தடுக்கி விழுந்தவர்கள் ஏராளம். அந்தத் தோட்டத்தின் புல வரைபடத்தையும், எது பட்டா எது புறம்போக்கு என்று காட்டும் ‘அ’ பதிவேட்டையும் அரசின் இணையத் தளத்திலேயே எடுத்துவிடலாம். எடுத்துப் பாருங்கள். தடத்துக்குத் தனி உட்பிரிவு எண் கொடுத்து, பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்று புறம்போக்காக எழுதியிருந்தால், அது உங்கள் இருவர் சொத்தும் அல்ல, அரசின் பாதை. அப்போது வழக்கே வேறு. 1905-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து கேட்டை எடுக்க வேண்டியவர்கள் வருவாய்த் துறையினர். ஆனால் பட்டா நிலத்துக்கு உள்ளே புள்ளிக்கோடாகத் தடம் காட்டி, தனி எண் கொடுக்காமல் விட்டிருந்தால், அது புறம்போக்கு ஆகாது. அந்தப் புள்ளிக்கோட்டை வைத்துக்கொண்டு ‘அரசுப் பாதை’ என்று மனு எழுதினால், ‘பட்டா நிலம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். தள்ளிய உத்தரவை எதிர்த்தரப்பு பத்திரமாக எடுத்துவைத்துக்கொள்ளும். புள்ளிக்கோட்டுக்கும் பயன் இல்லாமல் இல்லை, அது நீதிமன்றத்தில் நல்ல சாட்சி. வரைபடத்தில் கோடே இல்லை என்றாலும் கவலை வேண்டாம்; பத்திரத்தில் எழுதியது பத்திரத்தில் எழுதியதுதான். ஆகவே முதலில் இந்த மூன்றில் உங்கள் தடம் எது என்று தெரிந்துகொண்டு, பிறகு பேனாவை எடுங்கள்.

காவல் நிலையத்தில் சொன்னது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு பாதி சட்டம். ஒருவரை வழிமறிப்பது குற்றம் என்று சொல்லும் அதே பிரிவில், தனிவழியை அடைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பி அடைத்தால் குற்றமில்லை என்று விலக்கு இருக்கிறது. 1860-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் எழுதிய அந்த விலக்கை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சங்கிதையிலும் அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். உங்கள் புகாருக்கு ரசீது வாங்கியிருக்கிறீர்களா? இல்லை என்றால் மறுபடியும் எழுத்தில் கொடுத்து வாங்குங்கள். பூட்டு என்றைக்கு விழுந்தது என்பதற்கு அது சான்று. பூட்டை நீங்களே உடைத்துவிடாதீர்கள். உடைத்த அன்று மாலையே உங்கள் மேல் வழக்கு வரும், அதற்கு மட்டும் சிவில் விவகாரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கச் சொல்லி ஊரில் யாராவது சொல்வார்கள். கொடுத்தால் அது தாலுகா ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், இரண்டு மாதம் கழித்து ‘உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளவும்’ என்று பதில் வரும். இந்த ஒரு வாக்கியத்தை எழுத ஏன் இரண்டு மாதம் என்று முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு மாதத்தில்தான் வயலில் மஞ்சள் கெடுகிறது, கூடவே இன்னொரு கெடுவும் கழிகிறது.

அந்தக் கெடு மூன்று மாதம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்கிதையின் 166-ஆம் பிரிவில், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறு கைகலப்பில் முடியும் நிலை இருந்தால், கோட்டாட்சியர் விசாரித்து, தடுக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். தகவல் அவருக்குப் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அந்த வழியை நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். உங்களுக்கு 40 நாள் போய்விட்டது. குறைதீர்க்கும் கூட்டத்து ரசீதை நம்பிக் காத்திருந்தால் மீதியும் போய்விடும். பிரிவைக் குறிப்பிட்டு நேரடியாகக் கோட்டாட்சியருக்கே மனு கொடுங்கள்.

அதே வாரத்தில் முன்சீப் கோர்ட்டில் வழக்கும் போட வேண்டும். கோட்டாட்சியர் உத்தரவு தற்காலிக நிம்மதிதான். உரிமையைத் தீர்மானிப்பது சிவில் நீதிமன்றம். பிராதில், அதாவது வழக்கு மனுவில், மூன்று பரிகாரமும் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள்: தட உரிமை உண்டு என்ற விளம்புகை, போட்ட பூட்டை எடுக்கச் செயலுறுத்துக் கட்டளை, இனிமேல் தடுக்காமல் இருக்க நிரந்தர உறுத்துக்கட்டளை. ‘தடுக்கக் கூடாது’ என்று மட்டும் கேட்டு வழக்குப் போட்டு, கேட் பூட்டியபடியே நிற்க வருடக்கணக்கில் வாய்தாவுக்கு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வழக்கோடு சேர்த்து, இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் கேட்டு மனுப் போடுங்கள். அவர் வரும்வரை தடத்தில் எதையும் கொத்தவோ சீர்செய்யவோ கூடாது, தோட்டத்தை வாங்கியவரையும் செய்ய விடக் கூடாது. புல்லுக்கு அடியில் சக்கரம் ஓடி இறுகிய இரண்டு கோடும், நடுவில் மேடாக நிற்கும் மண்ணும், ஓரத்தில் பழைய கிளுவை வேலியும் எந்தச் சாட்சியையும்விட நன்றாகப் பேசும். உழவு ஓட்டிவிட்டால் அது போய்விடும். இன்றைக்கே கேட்டுக்கு வெளியே நின்று, இரண்டு முனையும் தெரிய, நிறையப் படம் எடுத்துவையுங்கள். வழக்கு முடியும்வரை நிற்கும் இடைக்கால உத்தரவை நீதிமன்றம் எதிர்த்தரப்பைக் கேட்காமல் கொடுத்தால், 30 நாளுக்குள் அந்த மனுவை முடிக்க முயல வேண்டும் என்று விதி சொல்கிறது. விதி சொல்கிறது, அவ்வளவுதான்.

கேட் வைக்கவே அவருக்கு உரிமை இல்லை என்று வாதாடாதீர்கள். ஆடுமாடு நுழையாமல் இருக்க அவர் கேட் வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் உரிமையைக் குறைப்பதையோ, அதை அனுபவிப்பதைச் சிரமமாக்குவதையோ செய்யக் கூடாது என்று வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. வண்டித்தடம் இருக்க, வரப்பில் நடந்து போ என்பது சிரமமாக்குவதுதான்.

‘வேறு வழியே இல்லாததால் கொடுத்தே ஆக வேண்டும்’ என்ற வாதமும் உங்களுக்கு இருக்கிறது, இரண்டு நிலமும் ஒரு காலத்தில் உங்கள் தாத்தா கையில் இருந்ததால். மற்ற வாசகர்கள் இதைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். இரண்டு நிலமும் ஒருவரிடமிருந்து பிரிந்ததாக இருந்தால்தான் அந்த வாதம் நிற்கும்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அவரே சாவி கொடுத்தனுப்ப வாய்ப்பு உண்டு. தாள் எதிலும் கையெழுத்துக் கேட்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மஞ்சளை வெட்டி ஏற்றுங்கள். சாவி வந்த தேதியைக் குறித்து, தட உரிமைப்படி பெற்றுக்கொண்டதாக ஒரு பதிவுத் தபால் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.