கலைஞர் புத்தகம் என்றால் என்ன? வேலூரில் இருந்துகொண்டு தமிழ் எழுத்தை வைத்து ஒன்று செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். ஓவியங்களைத் தொகுத்துப் போடும் ஆல்பத்தைக் கலைஞர் புத்தகம் என்று சொல்வதில்லை. புத்தகமே கலைப்படைப்பாக இருக்க வேண்டும்: தாள், மடிப்பு, எழுத்தின் அளவு, வெற்றிடம் எல்லாமே பொருள் தர வேண்டும். பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே 1897-லேயே வரிகளைப் பக்கமெங்கும் சிதறவிட்டு, எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாக்கி ஒரு கவிதையை வெளியிட்டார். பிறகு வந்த பலருக்கு அதுதான் வழி.

நம்மிடமும் இது பழசுதான். தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல், எழுத்துகளைப் படம்போல அடுக்கிப் பாடும் சித்திரகவிக்கு இலக்கணமே சொல்கிறது. திருவண்ணாமலை அருணகிரிநாதர் பாடிய திருவெழுகூற்றிருக்கையில் எண்கள் ஒன்றிலிருந்து ஏழு வரை படிப்படியாக ஏறி இறங்கும். அதைத் தேர் வடிவில் எழுதிப் பார்க்கலாம். பழைய வடஆர்க்காட்டின் செங்கம் நடுகற்களையும் போய்ப் பாருங்கள். வீரனின் உருவமும் வட்டெழுத்தும் ஒரே கல்லைப் பகிர்ந்துகொள்ளும் விதம் எனக்கு எந்த அச்சுப் பக்கத்தையும்விடப் பிடிக்கும்.

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு இடப்பக்கத் தாளில், கால் வலப்பக்கத் தாளில், நடுவில் தையல் மேல் 'க'. புத்தகத்தை மூடினால்தான் மூன்றும் நெருங்கும். தமிழ் எழுத்து தரும் வாய்ப்பு இது, விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் செலவு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கொஞ்சம் பிரதிகள் போட்டாலே போதும். அட்டைக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் துண்டு கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரே தாளை விசிறி மடிப்பாக மடித்து, பென்சிலால் ஒரு மாதிரி செய்துவிட்டு அச்சுக்குப் போங்கள்.