மேலே ஏறும் லிஃப்ட்: இழுவிசை ஏன் எடைக்குச் சமம்?

500 கிலோ லிஃப்ட் சீரான வேகத்தில் மேலே ஏறுது, அப்போ கயிற்றின் இழுவிசை எடையைவிடக் கூடுதலாத்தானே இருக்கணும், விடையில் ஏன் 4900 நியூட்டன்னு கேட்டிருக்கீங்க. விடை சரிதான். நகர்வதற்கு விசை வேணும்ங்கிற எண்ணம்தான் குழப்புது (பள்ளி முடியும்வரை நானும் அப்படித்தான் நம்பினேன்). நிகர விசை வேண்டியது வேகம் மாறுவதற்கு. வேகம் சீரா இருந்தா மேலே இழுக்கும் இழுவிசையும் கீழே இழுக்கும் எடையும் சமம்: 500 × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) = 4900 நியூட்டன். கிளம்பும்போது மட்டும் இழுவிசை கூடும்: முடுக்கம் 1 மீ/வி² என்றால் 500 × (9.8 + 1) = 5400 நியூட்டன். வேகம் நிலைத்ததும் மறுபடி 4900. நிற்கப்போகும்போது வேகம் குறையுது இல்லையா, அப்போ மேலே போய்க்கிட்டே இருந்தாலும் இழுவிசை எடையைவிடக் குறைவு! நம்பிக்கை வரலைன்னா எடை பார்க்கும் மெஷின் ஒண்ணை லிஃப்டுக்குள்ள வச்சு ஏறி நின்னு பாருங்க. முள் முதலில் ஏறும், நடுவில் அசையாது, கடைசியில் இறங்கும்.