ஹார்ட் டிஸ்க் பூட் ஆகவில்லை. ஃபார்மட் அடிக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: பழைய லேப்டாப், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சில வாரங்களாக ரொம்ப மெதுவாக ஓடியது. இப்போது ஆன் செய்தால் கருப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று நிற்கிறது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஃபார்மட் அடித்து ஓஎஸ் போட்டால் ஓடிவிடும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: போட்டோவை வெளியே எடுக்கும்வரை கொடுக்காதீர்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஃபார்மட் அடித்தால் லேப்டாப் ஓடக்கூடும். ஆனால் அவர் சொல்வது லேப்டாப்பை ஓட வைக்கும் வழி, நீங்கள் கேட்பது போட்டோவைக் காப்பாற்றும் வழி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும்.

பூட் ஆகவில்லை என்றதும் மொத்த டிஸ்கும் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய எம்பிஆர் பூட் முறையில் டிஸ்கின் முதல் செக்டர், அதாவது முதல் 512 பைட் துண்டு கெட்டாலே போதும், கம்ப்யூட்டர் கிளம்பாது. புதிய யுஇஎஃப்ஐ பூட் முறையில், விண்டோஸ் 10 பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஒரு சின்ன பார்ட்டிஷன் ஒதுக்கி, பூட் ஃபைல்களை அதில் வைத்திருக்கும். அது படிக்க முடியாமல் போனாலும் இதே செய்திதான் வரும். போட்டோக்கள் இருக்கும் மீதி இடத்துக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் காதை வைத்துக் கேளுங்கள். டக்... டக்... என்று சீராக ஒரு தட்டல் கேட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அது பெரும்பாலும் தட்டைப் படிக்கும் ஹெட்டின் பழுது. ஓட ஓட உள்ளே இருக்கும் தட்டில் கீறல் விழும். அதற்கு டேட்டா ரெக்கவரி லேப்தான் வழி, செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். ஃப்ரீசரில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது இரண்டும் வேண்டாம். அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி அடியில் உள்ள போர்டை மாற்றலாம் என்றும் யாராவது சொல்வார்கள். இப்போதைய டிஸ்குகளில் அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் போர்டில் ஒரு சின்ன சிப்பில் பதிந்திருக்கும். அதை மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றினால் வேலைக்கு ஆகாது.

சத்தம் இல்லையென்றால் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் திரையான பயாஸுக்குள் போய் (ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட்) டிஸ்கின் பெயரும் அளவும் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயே தேதியையும் ஒரு கண் பாருங்கள். வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். பூட் மோடு லெகசியா (பழைய முறை) யுஇஎஃப்ஐயா என்பது மாறினாலே நல்ல டிஸ்க்கூட பூட் ஆகாது. டிஸ்கே தெரியவில்லை என்றால் கழற்றி மாட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் ஒரு டெஸ்க்டாப் இப்படித்தான் திடீர் திடீரென்று நின்றது. டிஸ்க் காலி என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அது டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா பிசகுவதைக் காட்டும் கணக்கு. சாட்டா கேபிளை மாற்றியதும் அந்த எண் ஏறுவது நின்றது, டேலி கணக்கெல்லாம் அப்படியே இருந்தது.

உங்களுடையது அந்த வகை இல்லை என்றுதான் நினைக்கிறேன். சில வாரம் மெதுவாக ஓடி அப்புறம் நின்றது என்றால் பேட் செக்டராக (கெட்டுப்போய்ப் படிக்க முடியாத துண்டுகள்) இருக்கும் என்பதுதான் என் சந்தேகம். இந்த நிலையில் விண்டோஸின் செக்டிஸ்க், ஆட்டோமேட்டிக் ரிப்பேர் எதையும் ஓட்டாதீர்கள். செக்டிஸ்க் ஃபைல் அமைப்பைச் சரி செய்கிறேன் என்று அதே டிஸ்கில் எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்கில் எழுதவே கூடாது.

வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு என்ற இலவச ஓஎஸ்ஸை பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்புங்கள். "இன்ஸ்டால்" வேண்டாம், "டிரை உபுண்டு" மட்டும். அதிலுள்ள டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரம் கிடைக்கும். 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளில் "வேல்யூ" என்ற மதிப்பைப் பாருங்கள். 5 என்பது ஏற்கெனவே மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198 என்பது சோதனையில் படிக்கவே முடியாதவை. இந்த 197 பூஜ்யமாக இல்லையென்றால் ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்ய உட்காராதீர்கள். அதே அளவு அல்லது பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு நகல் எடுங்கள்.

இலவசக் கருவிதான், ஆனால் கெட்டிக்காரக் கருவி. நன்றாகப் படிக்க முடிகிற பகுதியை முதலில் அள்ளிக்கொள்ளும். சிக்கலான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய்விட்டு, கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்பதை மேப்ஃபைலில் எழுதி வைப்பதால் நடுவில் நிறுத்தி, டிஸ்க் சூடு தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேப்ஃபைலை இன்னொரு பென்டிரைவில் வையுங்கள். லைவ் உபுண்டுவிலேயே விட்டால் ஆஃப் செய்ததும் அழிந்துவிடும். திரையில் சதவீதம் விறுவிறுவென்று 99-ஐத் தாண்டும். அப்புறம் வேகம் சில கேபிக்கு விழுந்து, மீதி ஒரு சதவீதம் முந்தைய மொத்தத்தையும்விட அதிக நேரம் இழுக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். கவனம் வேண்டியது ஒரே இடத்தில்: எது மூலம், எது நகல் என்பது. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் போட்டோக்கள் மேல் எழுதப்பட்டுவிடும். இரண்டும் 1 டிபி என்றால் அளவை நம்பாமல் சீரியல் நம்பரை ஒப்பிடுங்கள். செக்டிஸ்கோ, தொலைந்ததை மீட்கும் டெஸ்ட்டிஸ்கோ, ஃபோட்டோரெக்கோ, எதுவானாலும் அப்புறம் நகலில் மட்டும் ஓட்டுங்கள்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ தேவைப்படும். லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்து பயன்படுத்தியிருந்தால் அந்தக் கணக்கில் தேடிப் பாருங்கள்.

ஸ்மார்ட் எண்கள் மூன்றும் பூஜ்யம் என்றால் வேலை எளிது. உபுண்டுவிலிருந்தே போட்டோக்களை வெளி டிஸ்கில் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் கிளம்பி, கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட்டால் அந்தச் சின்ன பூட் பார்ட்டிஷனுக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையை ஓட்டினால் பூட் ஃபைல்கள் புதிதாக எழுதப்படும். எல்லோரும் பூட்ரெக் என்ற கட்டளையைச் சொல்வார்கள். யுஇஎஃப்ஐ லேப்டாப்பில் அது பல நேரம் "ஆக்சஸ் இஸ் டினைட்" என்று கையை விரிக்கும்.

போட்டோ கைக்கு வந்ததும் கடைக்குப் போங்கள். புது எஸ்எஸ்டி மாட்டி ஓஎஸ் போடச் சொல்லுங்கள். பழைய டிஸ்கை நீங்களே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் கொடுங்கள். அதற்கு முன்னால் அந்த 197 எவ்வளவு காட்டுகிறது என்று கருத்தில் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.