உள்ளே தூசி வரக் கூடாது, வெளியே வைரஸ் போகக் கூடாது

கேள்வி: வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத பரம்பரை நோய்) நோயாளிகள் 5 பேருக்கு அளித்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளியானதைப் படித்தேன். மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸைத் தயாரிக்க, ஊசி மருந்துத் தொழிற்சாலையின் தூய அறையே போதாதா?
– வாசகி, காட்பாடி

பதில்: போதாது. காற்று எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஊசி மருந்து நிரப்பும் அறையில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கதவு திறந்தாலும் உள்காற்று வெளியே பாயுமே தவிர, தூசி உள்ளே வராது. கிருமி ஆய்வகத்தில் இதற்கு நேர்மாறாக, உள்ளிருக்கும் காற்று வெளியேறாதபடி அழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். இச்சிகிச்சையில் மரபணுவைச் சுமக்கும் லென்டிவைரஸ் பெருகும் திறன் நீக்கப்பட்டதுதான். ஆனாலும் மனித செல்லின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து நிலைத்துவிடக் கூடியது என்பதால், மருந்தைப் போலவே பணியாளரையும் காக்க வேண்டியிருக்கிறது.

இரண்டையும் சமாளிப்பது, அறைக்கும் நடைவழிக்கும் இடையே உள்ள ஏர்லாக் என்னும் சிற்றறை. வயல் நீரைப் போலக் காற்றும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடும். சிற்றறையின் அழுத்தத்தை இருபுறத்தையும்விட உயர்த்தி, அதற்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தினால், அது இரு பக்கமும் பாய்ந்து, தூசியையும் வைரஸையும் ஒருசேரத் தடுக்கும். இருபுறத்தையும்விடத் தாழ்த்தினால், இரு பக்கக் காற்றும் அங்கே வடிந்து, வெளியேற்றும் குழாய்க்குப் போய்விடும். நுழைவாயிலில் மேடும், வெளியேறும் வாயிலில் பள்ளமும் அமைப்பதே நல்லது என்பது என் கருத்து; வருவோரும் போவோரும் ஒரே வழியைப் பயன்படுத்தும் கூடத்தில் எந்த ஏற்பாடும் அரைகுறைதான்.

2022இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய விதிமுறை, தூய்மைத் தரம் மாறும் அடுத்தடுத்த அறைகளுக்கிடையே குறைந்தது 10 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டைக் கேட்கிறது. அது சுமார் 1 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம், அவ்வளவே. கதவைச் சற்றுத் திறந்து வைத்தாலே கரைந்துவிடும் என்பதால், ஏர்லாக்கின் ஒரு கதவு திறந்திருக்கும்போது மற்றொன்று திறவாதபடி பூட்டுகளை இணைத்துவிடுகிறார்கள்.

சுவர்ப்பூச்சையும் எந்த வைரஸ் என்று கேட்டறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கொழுப்பு உறை கொண்ட லென்டிவைரஸ் ஆல்கஹாலில் அழிந்துவிடும், மரபணு சிகிச்சைக்குப் பயன்படும் மற்றொரு வைரஸான, உறையில்லாத ஏ.ஏ.வி. எளிதில் அசையாது. அதை அழிக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி போன்றவை தேவைப்படுவதால், அவற்றை ஆண்டுக்கணக்கில் தாங்கும் பூச்சு வேண்டும். கழிவுநீரை வைரஸ் அழிந்த பிறகே வடிகாலில் விட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: இத்தகைய அறைகளின் காற்றைச் சுத்தப்படுத்தும் ஹெப்பா வடிகட்டியின் திறனை 0.3 மைக்ரான் துகளைக் கொண்டு அளக்கிறார்கள். ஏ.ஏ.வி. அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, தப்பிவிடாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஹெப்பா சல்லடை அன்று, பின்னிக் கிடக்கும் இழைகளின் அடுக்கு. பெரிய துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதும். மிகச் சிறிய துகள் காற்று மூலக்கூறுகளால் அங்குமிங்கும் தள்ளாடி இழையைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே உள்ள 0.3 மைக்ரான் அளவுதான் பிடிக்கக் கடினமானது, அதனால்தான் சோதனைக்கு அதை வைத்திருக்கிறார்கள். கவலைப்பட வேண்டிய இடம் வேறு: வடிகட்டியின் விளிம்பு சட்டத்தில் சரியாகப் பொருந்தாவிட்டால், காற்று அந்த இடுக்கு வழியே வடிபடாமல் போய்விடும். கசிவுச் சோதனையில் விளிம்பையும் அங்குலம் அங்குலமாகத் துழாவுவது அதற்காகவே.