காயலாங்கடை கேம் ஷாஃப்ட் எந்த வண்டிது? கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டை பக்கம் லேத்து பட்டறையில எஞ்சின் வேலை பாக்கறவன் நான். எந்த வண்டிதுன்னு தெரியாத கேம் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வைத் திறக்க வைக்கற தண்டு, சுருக்கமா கேம்) இருந்தா கேளுங்கன்னு வாய விட்டுட்டேன், கேள்வி குவிஞ்சிருச்சு.

வியாசர்பாடி தம்பி: அண்ணே, புதுப்பேட்டை பழைய சாமான் கடையில மொத்தமா வாங்குன சாமான்ல ஒரு கேம் வந்துச்சு. தண்டுல தூக்கலா ஒரு நம்பர் இருக்கு, நெட்ல போட்டா ஒண்ணும் வரல.

வராது தம்பி. தூக்கலா இருக்கறது வார்ப்பு நம்பர், அச்சுல ஊத்தும்போதே வர்றது. ஒரே வார்ப்பை வேற வேற மாதிரி அரைச்சு ரெண்டு மூணு எஞ்சினுக்குக்கூட போடுவாங்க, அதனால அது குடும்பப் பேரு மாதிரி, ஆளோட பேரு இல்ல. நீ பாக்க வேண்டியது ரெண்டு முனையும்தான், அங்க குத்தியோ எலக்ட்ரிக் பென்சில்ல கீறியோ ஒரு நம்பர் இருக்கும். டீசல்ல கழுவு, கம்பி பிரஷ் போட்டு தேச்சுடாத, லேசா கீறுன எழுத்தெல்லாம் போயிடும். சாக்பீஸ் தடவி துணியால துடைச்சா பள்ளத்துல மட்டும் வெள்ளை நிக்கும், அப்ப படிக்கலாம். எவனோ ஒரு மெக்கானிக் அடையாளத்துக்கு போட்ட கீறலையும் கம்பெனி நம்பர்னு நினைச்சுக்காத, நானே அப்படி ஒருவாட்டி ரெண்டு நாள் அலைஞ்சிருக்கேன்.

அதே தம்பி: முனையிலயும் அழிஞ்சு போச்சுண்ணே. எட்டு லோப் (வால்வைத் தள்ற மேடு), மூணு ஜர்னல் (பேரிங்ல உக்கார்ற வட்டப் பகுதி), தண்டுல சாய்ஞ்ச பல்லு கியர் ஒண்ணு.

இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல! நாலு சிலிண்டர், பிளாக்குக்குள்ள இருந்து புஷ் ராடுங்கற கம்பியால வால்வைத் தள்ற கேம். சாய்ஞ்ச பல்லு பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர சுத்தறதுக்கு, அதனால பெட்ரோலா இருக்கும். கூட மையம் தள்ளுன ஒரு வட்டம் (எக்சென்ட்ரிக்) இருந்தா அது ஃப்யூல் பம்புக்கு. மூணு ஜர்னலையும் மைக்ரோமீட்டர்ல அள, முன்னாடி பெருசா பின்னாடி சிறுசா போச்சுன்னா முன்பக்கமா சொருகுற கேம்னு அர்த்தம். எனக்கு பழைய அம்பாசடர் 1489 சிசின்னு தோணுது, ஆனா ஒரு பழைய பிளாக்குல வச்சு பாக்காம காசு குடுத்துடாத.

கொடுங்கையூர்ல இருந்து: சார், நாலு சிலிண்டர் கேம பாத்து ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் வெடிக்கற வரிசை) சொல்ல முடியுமா?

முடியும், ஆனா இங்கதான் நிறைய பேரு வழுக்கறாங்க. வீ பிளாக்குல (V வடிவ தாங்கி) வச்சு சுத்துங்க, இன்லெட் (காத்து உள்ள விடற) லோப் எந்த வரிசையில மேல வருதுன்னு எழுதுங்க, 90 டிகிரிக்கு ஒண்ணா வரும். 1-3-4-2 வந்துச்சுன்னு வைங்க. அதே கேம எதிர்ப்பக்கம் சுத்துங்க, 1-2-4-3 வரும்! அப்ப எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியாம ஆர்டர் சொல்ல முடியாது. செயின்ல ஓடுனா கிராங்கு சுத்தற திசைதான் கேமுக்கும், கிராங்கு கியரும் கேம் கியரும் நேரா கடிச்சா எதிர்திசை. இன்லெட் எது, எக்ஸாஸ்ட் (புகை வெளிய விடற லோப்) எதுங்கறதும் இதே கதைதான், சுத்தற திசையில மொதல்ல எக்ஸாஸ்ட் லோபோட மூக்கு (உச்சி) வரும், சுமார் 110 டிகிரி கழிச்சு இன்லெட் மூக்கு.

காசிமேடு படகுக்காரர்: ஆறு சிலிண்டர் கேம், செகண்ட் ஹேண்டு. உப்புக்காத்துல துரு புடிச்சிருக்கு, போடலாமா?

12 லோப் எண்ணிட்டீங்களா? ஜர்னல்ல லேசான துருன்னா பாலிஷ்ல போயிடும். லோப் மூக்குல நகத்துக்கு தட்டுற மாதிரி குழி இருந்தா வேணாம்ணே, லோப் மேல உரசுற டேப்பட்ட தின்னுடும். நடுக்கடல்ல நின்னா யாரு வருவா?

திருவொற்றியூர் பையன்: புல்லட்டுதுன்னு சொல்லி கேம் ஒண்ணு குடுத்தாங்க, ஒரே ஒரு லோப், கூடவே பல்சக்கரம். உடைஞ்சதா?

உடையல கண்ணு, பாதிதான் குடுத்திருக்காங்க. நம்ம ஊர்ல 1955-ல இருந்து கதை ஓடுற வண்டி, அந்த பழைய இரும்பு எஞ்சின்ல இன்லெட்டுக்கு ஒரு கேம், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு கேம், ரெண்டும் தனித்தனி. ஜோடிய வாங்கிட்டு பல்லுல இருக்கற டைமிங் குறி சேருதான்னு பாரு. உள் ஓட்டை தேஞ்சிருக்கான்னும் பாரு, ஸ்பிண்டில்ங்கற நிலையான தண்டு மேலதான் அது சுத்தும். அதே கம்பெனி 2020-ல விட்ட மீட்டியர்ல எஞ்சின் தலையிலயே கேம், அதுல இது ஆகவே ஆகாது.

தண்டையார்பேட்டை அக்கா, ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன்: லிஃப்ட் (லோப் தூக்கற உயரம்) எப்படி எடுக்கறது? கஸ்டமர் யாரோ அரைச்சு மாத்துனதுங்கறாரு.

அக்கா, மூக்குல இருந்து அடி வரைக்கும் ஒரு அளவு, அதுக்கு குறுக்க ஒரு அளவு. 36.10, 30.00 வந்தா லோப் லிஃப்ட் 6.10 மிமீ. வால்வ அமுக்கற ராக்கரோட விகிதம் 1.4-ன்னா பெருக்குனா 8.54 மிமீ, அதுல டேப்பட் கேப்ப கழிச்சிடுங்க. குறுக்களவு மட்டும் ரொம்ப அகலமான கேம்ல ஏமாத்தும், பக்கத்து சரிவும் சேர்ந்து வந்துடும், அப்ப வீ பிளாக்கும் டயல் கேஜும்தான். திரும்ப அரைச்சதான்னு கண்டுபுடிக்க அடிவட்டத்த (லோப்ல மூக்கு இல்லாத வட்டப் பகுதி) பாருங்க, ஒரிஜினல விட சிறுசா இருக்கும். அந்த மாதிரி போட்டா டேப்பட் ஸ்க்ரூ கடைசி மரை வரைக்கும் வந்து நிக்கும், நீளமான புஷ் ராடு தேட வேண்டி வரும். ஒரு லோப் மட்டும் லிஃப்ட் கம்மின்னா அது தேய்மானம்.

வியாசர்பாடி தம்பி மறுபடி: நாளைக்கு எடுத்துட்டு வரட்டாண்ணே?

வா. டேப்பட்டும் அந்த மூட்டையில இருந்துச்சுன்னா சேத்து கொண்டா, எது எந்த லோபுல ஓடுச்சுன்னு தெரிஞ்சா நம்பர் போட்டு தனித்தனியா கட்டிடு. கலக்கிட்டு வராத.