வாரத்துக்கு ஐந்தாறு சிகரெட்: அடிமையாகிவிடுவேனா?

கேள்வி: எனக்கு வயது 29. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தனியாக இருக்கும்போது சிகரெட் பிடிப்பதில்லை. பாக்கெட் வாங்கியதே இல்லை. வெள்ளிக்கிழமை நண்பர்களோடு பீர் குடிக்கும்போதும், அலுவலகத்தில் எல்லோரும் டீக்கடைக்குப் போகும்போதும் கம்பெனிக்காக ஒன்றிரண்டு பிடிப்பேன். வாரத்துக்கு ஐந்தாறு இருக்கும். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் போகிறது. இது அடிமைத்தனத்தில் கொண்டுபோய் விடுமா? தை மாதம் கல்யாணம். அதற்கு முன் டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 'சோஷியல் ஸ்மோக்கிங் எல்லாம் கணக்கில் வராது சார், இல்லை என்றே போட்டுவிடலாம்' என்கிறார் முகவர். போடலாமா?

பதில்: பாக்கெட் வாங்கியதே இல்லை என்பதை ஆறுதலுக்காக எழுதியிருக்கிறீர்கள். புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த வரிதான் முதலில் உறுத்தியது. சில்லறையில் வாங்குகிறவருக்கும் நண்பரின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறவருக்கும் தாம் எத்தனை பிடிக்கிறோம் என்ற கணக்கு தெரிவதில்லை. ஆகவே மருந்து, பரிசோதனை என்று எதற்கும் போவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஜிபேயோ போன்பேயோ, எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதைத் திறந்து, அந்த டீக்கடைக்குக் கடந்த மூன்று மாதங்களில் போன பணத்தை எண்ணிப் பாருங்கள். டீக்கு மட்டும் கொடுத்த தொகை எது, டீயும் சிகரெட்டும் சேர்ந்த தொகை எது என்பது பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கே தெரியும். என்னிடம் வந்த இளைஞர் ஒருவர், 'மாசத்துக்கு ஏழெட்டு இருக்கும் டாக்டர்' என்றார். என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, விரலால் திரையைத் தள்ளித் தள்ளி எண்ணினார். ஒரே மாதத்தில் 23 வந்தது. அவற்றில் ஒன்பது, வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் தெருமுனைப் பெட்டிக்கடையில் தனியாகப் போய் வாங்கியவை. நண்பர்கள் கொடுத்தது இந்தக் கணக்கில் சேராது. எண்ணி முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடிமைத்தனம் என்றால் காலையில் கண் விழித்ததும் சிகரெட்டைத் தேடுவதும், நாளுக்கு ஒரு பாக்கெட்டை ஊதித் தள்ளுவதும்தான் என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கடைசிக் கட்டம். இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் பத்திருபது வினாடிக்குள் மூளையை எட்டி, டோபமைன் என்ற சுரப்பைத் தூண்டிவிடுகிறது. அப்போது மூளை அந்தச் சிறு சுகத்தை மட்டும் பதிந்துகொள்வதில்லை. சுகம் கிடைத்த இடத்தையும், வேளையையும், உடனிருந்த ஆட்களையும் சேர்த்தே பதிந்துகொள்கிறது. இரத்தத்திலுள்ள நிகோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால், வெள்ளி இரவு பிடித்தது ஞாயிற்றுக்கிழமைக்குள் அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். அப்படியானால் அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் கையை நீட்ட வைப்பது எது? பீர் கிளாஸும், டீக்கடையில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டரும், 'வாடா, ஒரு தம் போட்டுட்டு வரலாம்' என்ற குரலும்தான். இவற்றைக் கண்டதும் கேட்டதும் மனம் பரபரத்தால், நீங்கள் கேட்கும் அந்த அடிமைத்தனம் தொடங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இதை என் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் டிஃப்ரான்சா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் பதின்பருவப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, தினசரிப் பழக்கம் ஆவதற்கு வெகு முன்பே, எப்போதாவது பிடிக்கும் கட்டத்திலேயே பலருக்குப் பிடி நழுவத் தொடங்கியதைக் கண்டார்கள். அவர்கள் உருவாக்கிய 10 கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே கட்டுப்பாடு முழுமையாக உங்கள் கையில் இல்லை என்று பொருள். விட முயன்று முடியாமல் போனதுண்டா? பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்காமல் இருப்பது சிரமமாக இருந்ததுண்டா? பிடிக்காத நாளில் எரிச்சலோ கவனச் சிதறலோ வந்ததுண்டா? கேள்விகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் நம்முடைய பெரும்பாலான மருத்துவமனைகளில் உங்கள் கையில் கொடுக்கப்படும் படிவம், விழித்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், நாளுக்கு எத்தனை சிகரெட் என்றுதான் கேட்கும். அதில் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். 'உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். ஐந்தாண்டு கழித்து, பாக்கெட்டோடு வரும்போது வரவேற்பார்கள்.

ஒரு விதிவிலக்கை நான் மறைக்கக் கூடாது. மறைத்தாலும் உங்கள் நண்பர் கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டிவிடுவார். நாளுக்கு ஐந்துக்கு மேல் போகாமல், ஆண்டுக்கணக்கில் பிடித்து, நிறுத்தினால் எந்த அவஸ்தையும் இல்லாமல் இருக்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் சால் ஷிஃப்மன் என்ற உளவியலாளர் 1980-களின் இறுதியிலிருந்து அவர்களைத் தனியாக ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் அவர்களுக்குச் 'சிப்பர்' என்று பெயர். தினமும் பாக்கெட் பிடிக்கிறவரைப் போலவே அவர்களும் புகையை உள்ளே இழுக்கிறார்கள். நிகோட்டின் அவர்கள் இரத்தத்திலும் ஏறுகிறது. ஆனாலும் அவர்கள் சிக்கிக்கொள்வதில்லை. ஏன் என்பதற்கு உடல்வாகு, பரம்பரை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுக்குள் நாம் போக வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஒருவர் சிப்பர் என்பது பல ஆண்டுகள் கழிந்தபின் திரும்பிப் பார்த்துச் சொல்லப்படுவது. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் இல்லை. என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் 'நான் அந்த ரகம் டாக்டர்' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த ரகத்தைச் சேர்ந்தவருக்கு என்னிடம் வர வேண்டிய தேவையே இராது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளைத் தொகுத்து லண்டன் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு சிகரெட்டாவது பிடித்துப் பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலானோர் கொஞ்ச காலத்துக்காவது தினசரி பிடிப்பவர்களானார்கள் என்கிறது. மீதமுள்ள ஒரு பங்கில் நீங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அப்படியே சிப்பராக இருந்தாலும் இதயத்துக்குச் சலுகை கிடையாது. அதே 2018-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வுத் தொகுப்பின்படி, நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் வந்துவிடுகிறது. நீங்கள் அந்த ஒன்றுக்கும் கொஞ்சம் கீழே இருக்கிறீர்கள். ஆனால் எண்ணிக்கை குறைகிற அளவுக்கு ஆபத்து குறைவதில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

உங்களைப் போன்றவர்கள் விழும் முதல் பள்ளம் சில்லறை விற்பனைதான். 2016-இலிருந்து பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்றும், 2018-இலிருந்து உதவித் தொலைபேசி எண்ணையும் அதிலேயே அச்சிட வேண்டும் என்றும் அரசு ஆணையிட்டது. கடைக்காரர் பாக்கெட்டை உள்ளே வைத்துக்கொண்டு ஒற்றைச் சிகரெட்டை உருவி நீட்டும்போது, அந்தப் படமும் எண்ணும் யாருக்காக? கர்நாடகமும் மகாராஷ்டிரமும் சில்லறை விற்பனைக்குத் தடை விதித்துவிட்டன. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி 2008-இலிருந்து இருக்கிறது. அலுவலக வளாகத்துக்குள் பிடிக்கக் கூடாது என்று வாசலுக்கு வெளியே அனுப்பியதும், வாசலுக்கு எதிரிலேயே நான்கு டீக்கடைகள் முளைத்தன. நிறுவனங்கள் அதை 'பிரேக்' என்று மரியாதையாக அழைக்கின்றன. அந்த அபராத ரசீதை நான் இதுவரை ஒரே ஒரு நோயாளியின் கையில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பள்ளம், விட்டுவிடலாம் என்று நீங்கள் முடிவெடுத்த மறுநாளே உங்களைத் தேடி வரும் வியாபாரிகள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் போதும் என்று விற்கப்படும் பொடியை யார் பேருக்கும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. துளசி, கிராம்பு போட்ட மூலிகைச் சிகரெட்டில் நிகோட்டின் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரத்தான் செய்யும், கையும் வாயும் அதே பழக்கத்திலேயே இருக்கும். இ-சிகரெட் பற்றி ஒரு வரி போதும்: விற்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆகவே உங்களுக்கு விற்கிறவர் அதில் எவ்வளவு நிகோட்டின் இருக்கிறது என்பதற்குப் பொறுப்பேற்கப் போவதில்லை. நிகோட்டின் சூயிங்கம் நல்ல மருந்துதான், தினமும் பிடிப்பவர்களுக்கு. 2 மில்லிகிராம் கம் சீட்டு இல்லாமலே கிடைப்பதால் மருந்துக்கடைக்காரர் உங்களுக்கும் ஒரு பட்டையை எடுத்து நீட்டுவார். வாரத்துக்கு நான்கு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், நாளுக்கு ஆறு கம் மெல்லும் நிலையில் என்னிடம் வந்தார். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

முகவர் விஷயம். அவருக்குக் கிடைப்பது கமிஷன். இழப்பீடு கேட்டு அலையப் போவது உங்கள் மனைவி. பல நிறுவனங்களின் படிவம் 'நாளுக்கு எத்தனை' என்று கேட்பதற்கு முன்பே, கடந்த சில மாதங்களில் எந்த வடிவிலாவது புகையிலையோ நிகோட்டினோ பயன்படுத்தியதுண்டா என்று கேட்டுவிடுகிறது. அந்தக் கேள்வியில் 'சோஷியல்' என்று ஒரு கட்டம் இல்லை. நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளைச் சிறுநீரில் சோதித்தால் கடைசியாகப் பிடித்து இரண்டு மூன்று நாளானாலும் தெரிந்துவிடும். சோதனையில் தப்பினாலும், பாலிசி தொடங்கி 3 ஆண்டுகளுக்குள் ஏதேனும் நேர்ந்தால், மறைத்ததைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. 'ஆம்' என்றே எழுதுங்கள். பிரீமியம் கூடும், கூடட்டும்.

செய்ய வேண்டியது இதுதான். இன்றிலிருந்து 30 நாள், ஒன்றுகூட இல்லை. குறைத்துக்கொள்கிறேன் என்பது உங்கள் விஷயத்தில் பொருளற்றது. குறைக்க அதில் என்ன இருக்கிறது? டீக்கடைக்குப் போவதை நிறுத்த வேண்டாம், நண்பர்களையும் விட வேண்டாம். கையில் டீயை வைத்துக்கொண்டு நில்லுங்கள். நண்பர் பெட்டியை நீட்டும்போது 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை நொடி ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள். முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பீரைத் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் குடித்த நிலையில் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. முப்பது நாளும் சிகரெட் நினைவே வராமல் கடந்துபோனால் மகிழ்ச்சி, அப்படியே தொடருங்கள். நடுவில் ஒன்று பிடித்துவிட்டு 'இது கணக்கில் இல்லை' என்று மனம் சொன்னால், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்போது தனியாகப் போராட வேண்டாம். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் புகையிலை விடுவிப்பு மையம் இருக்கிறது. 2002-இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய 13 மையங்களில் அதுவும் ஒன்று. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை. வார இறுதியெல்லாம் பிடித்துவிட்டு, இனி தொடமாட்டேன் என்று ஒருவர் தீர்மானிக்கும் திங்கட்கிழமையை எதற்காக விடுமுறையாக வைத்தார்கள் என்று நானும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் செவ்வாய்க்கிழமை அழையுங்கள்.